மூன்றாம் தண்ணீர் வரை

முதலில் வந்தது காய்ச்சல் அல்ல, இடுப்பு வலி. மறுநாள் மாங்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு நடந்து, அங்கே பஸ் பிடித்துச் சென்னைத் துறைமுகம் போவதாக இருந்தேன். துணிகளை மூட்டை கட்டக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அக்காவைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்த அலுப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் தலை கனத்தது. அப்போதும் கப்பலைத்தான் நினைத்தேனே தவிர உடம்பை நினைக்கவில்லை.

பிழைக்கக் கடல் கடந்து போய், கையில் உரிய சீட்டு இல்லாமல் இருக்கும்போது, ஊரில் ஒருவருக்கு அபாயம் என்று சேதி வந்து தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளம்புங்கள் என்றோ, கிளம்பாதீர்கள் என்றோ சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ரங்கோனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை எடை போடும் வேலை எனக்கு. மனைவி செங்கமலம் அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப்பெண். சென்னையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்த சில வருஷங்களில், அங்கே இருக்கும் இந்தியர்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் மேஸ்திரி, "வரி போட ஆள் கணக்கு எடுக்கிறான். பேரைக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்றார். நாங்கள் யாரும் வாங்கவில்லை. அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு பேசிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் தந்தி வந்தது. "அக்காவுக்கு அபாயம், உடனே வா." அக்கா பாக்கியம்தான் என்னை வளர்த்தவள். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. என்னை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

சீட்டு இல்லாதவன் ஊருக்குப் போனால் மறுபடி பர்மாவுக்குள் விடுவார்களா என்று விசாரித்தேன். கப்பல் ஆபீஸ் குமாஸ்தா, முடியவே முடியாது என்றார். துறைமுகத்துப் போலீஸ்காரர், ஒரு மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தால் விட்டாலும் விடுவார்கள் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்று சிரித்தார். கடைசியில் போலீஸ்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். செங்கமலம் உடனே என் துணிகளை மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மாங்காடு வந்து சேர்ந்தால், அக்கா வீட்டு வாசல்நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. வைசூரி (பெரியம்மை). தந்தி கொடுத்த எதிர்வீட்டு முனுசாமி அண்ணன் தெருவிலேயே என்னை மறித்தார்.

"உள்ள பூந்தா மூணு தண்ணி ஊத்துற வரிக்கும் ஊரைத் தாண்டக் கூடாது. தெரிஞ்சிக்கினு போ."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மை இறங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சுட்ட தண்ணீரை, நாள் இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். அதுவரை அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் ஊரை விட்டுப் புறப்படக் கூடாது; யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவும் கூடாது. புறப்பட்டால் அம்மன் படுத்தவரை விடமாட்டாள் என்பார்கள். வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பினால் அடுத்த கப்பலே எனக்குக் கிடைத்திருக்கும்.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். தொண்டையிலும் முத்து (அம்மைக் கொப்புளம்) போட்டிருந்ததால் அது அவள் குரலாகவே இல்லை.

"யாரு, கோயிந்தனா? உள்ள வராதேடா நைனா. அங்க கொயந்த கீது. பாத்துட்டேன்னு நெனச்சிக்கினு அப்பிடியே போயிடு."

வா என்று அழைத்திருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பேன். போ என்றதும் கால் உள்ளே போய்விட்டது.

அவளை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். அரிப்பு தாங்காமல் கை முகத்துக்குப் போகும்போதெல்லாம் வேப்பங்கொத்தால் வருடிக் கொடுப்பேன். முனுசாமி அண்ணன் இளநீரும் கூழும் வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அம்மை வீட்டில் வந்தேன் போகிறேன் என்பதெல்லாம் கிடையாது. அக்கா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சீக்கிரம் பிழைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டாவது வேண்டுதல் அவளுக்காகவா, கப்பலுக்காகவா என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது.

அக்கா பிழைத்தாள். ஒரு கண் மட்டும் போயிற்று. அவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியபோது மாதம் முடியச் சில நாள் பாக்கி இருந்தது. மூட்டை கட்டக் குனிந்தேன். மேலே சொன்ன இடுப்பு வலி அப்போதுதான் வந்தது.

எனக்கும் முத்து போட்டது. பூந்தமல்லி ஆஸ்பத்திரி டாக்டர் அக்கா வீட்டு வாசற்படியில் நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"அம்மை குத்தின தழும்பு இருக்கா?"

"மொத தபா கப்பல் ஏறச்சே குத்தினாங்க."

"பழசுதான். ஆனாலும் உன்னைக் காப்பாத்தும்."

"கப்பல் எப்ப ஏறலாம் சார்?"

"பொருக்கெல்லாம் (காய்ந்த கொப்புளத் தோல்) உதிரணும். அதுக்கு முன்னாடி உன்னை ஏத்தினா கப்பலே படுத்துடும்."

அதன் பிறகு நடந்தவற்றை என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. ஜன்னி (காய்ச்சல் வேகத்தில் வரும் பிதற்றல்) கண்டுவிட்டது. ஆலை சங்கு ஊதும். எழுந்து வேலைக்குப் போகப் பார்ப்பேன். அக்கா அமுக்கிப் படுக்க வைப்பாள். அவளைச் செங்கமலம் என்று கூப்பிடுவேன். இந்த அறையில் படுத்திருப்பது அக்கா அல்லவா, நான் எதற்குப் படுத்திருக்கிறேன் என்று கேட்டேனாம். மாதம் முடிந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

தெளிவு வந்தபோது இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. முனுசாமி அண்ணன் வாசலில் நின்று பெருமையோடு சேதி சொன்னார். நான் வரத் தாமதமாகும் என்று ரங்கோனுக்குத் தெரிவிக்கும்படி அக்கா அவரைத் தபாலாபீசுக்கு அனுப்பியிருக்கிறாள். வாழ்நாளில் அவர் அனுப்பியது ஒரே ஒரு தந்தி, அக்காவுக்காக எனக்கு அனுப்பியது. அதே வாசகத்தையே ஆள் பெயரை மட்டும் மாற்றி அடிக்கச் சொல்லிவிட்டார். கணவனுக்கு அபாயம், உடனே வா.

"இன்னா அண்ணாத்தே இப்பிடிப் பண்ணிட்டே!" என்று அலறினேன்.

"போன தபா இந்த வார்த்தைக்குத்தானே நீ ஓடியாந்தே? வேற மாரி எய்தினா யாரு மதிப்பா?"

எனக்கு அழுகையாக வந்தது. செங்கமலத்திடமும் சீட்டு இல்லை. நான் ஒருவன் வெளியே மாட்டிக்கொண்டால், அவள் அங்கே வீட்டையும் தன் தாயையும் பார்த்துக்கொண்டு இருப்பாள். பிறகு நான் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம். அவளும் கிளம்பிவிட்டால் இருவருக்கும் கதவு அடைத்தது போலத்தான். வராதே என்று மறுதந்தி அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். அது அவள் கைக்குப் போனதா என்று சொல்ல ஆளில்லை.

அவள் இங்கே வந்து சேர்ந்த சில வாரங்களுக்குப் பிறகு ரங்கோனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. செங்கமலத்தின் தாயைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. தன் தந்தியால்தான் என் பெண்டாட்டியும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று முனுசாமி அண்ணன் இப்போதும் தெருவெல்லாம் சொல்கிறார். செங்கமலம் அதைக் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவரைக் கும்பிடுவதா, சண்டை பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வைசூரி வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள்.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய சில நாள் கழித்து, வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தலைமுடி கொட்டியிருந்தது. கண்ணாடியை அக்கா எங்கோ ஒளித்துவிட்டாள். உடம்பு யாரோ இரவல் கொடுத்த சட்டை மாதிரி என்மேல் தொங்கியது. தெருமுனையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நடையிலேயே தெரிந்துவிட்டது. எழப் பார்த்தேன், கால் நிற்கவில்லை.

அவள் நேரே என்னிடம் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, பாக்கியத்தம்மா வீடு எதுங்க? ரங்கோன்லேருந்து அவங்க தம்பி வந்தாரே... அவரு இருக்காரா?"

என் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"இருக்காரும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தேடி வந்தவன் உண்மையாகவே உள்ளே படுத்திருப்பதாக அந்த நொடி எனக்குத் தோன்றியது.

குரலைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "நான்தான், செங்கமலம், நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியாது.