வேனுக்குப் போட்ட தடித்த கம்பி

வேனைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன அக்கா மகனைத் தையல் பிரிக்கப் பேரையூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு என் வேனில் அழைத்து வர வேண்டும். வளைவில் வேன் சாய்ந்தால் வலிக்குமே என்று, சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி மாட்டப் பழங்காநத்தம் போனேன்.

"நடுத்தரமானது போதும்ணே. தடிச்சதப் போட்டா, ஒரு சக்கரம் குழில எறங்குனாலும் வண்டியே குலுங்கும்" என்றார் மெக்கானிக்.

"யானை முட்டுனாலும் சாயக் கூடாதுய்யா. இருக்கதுலயே தடிச்சத மாட்டு."

இன்று அவனை ஏற்றி வந்தேன். வழியெல்லாம் குழி. குழிக்குக் குழி அலறினான்.

"மாப்ள, வண்டி சாயுதா பாரு!"

"சாயல மாமா. என்னைய எறக்கி விட்ருங்க, ரோட்டுலயே கெடக்கேன்."

எலும்பு விலகிவிட்டதாம். மறுபடி ஆபரேஷன். அக்கா என்னிடம் பேசவில்லை.

கம்பி என்னவோ அருமையான கம்பி. யாருக்காவது வேண்டுமா?