துரைக்கு நாம் கொடுத்த பட்டம்

எங்கள் கல்லூரியில் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். நந்தனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் முதலில் அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும். நீளமான கோட்டு, கையில் சுருட்டிய காகிதம், தலைமேல் எந்நேரமும் ஒரு காக்காய். அந்தக் காலத்துப் பெரிய அதிகாரி, கல்லூரிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர். அவர் பெயரை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆசிரியர்களிலேயே குறைவு. எல்லாருக்கும் அவர் துரை. "தொரைகிட்ட நில்லு, வர்றேன்" என்றால் போதும், ஆள் வந்துவிடும்.

துரைக்கு நாங்கள் ஒரு குறையும் வைத்ததில்லை. செமஸ்டர் பரீட்சை வந்தால் அவருடைய ஷூவில் விபூதியும் குங்குமமும் ஏறிவிடும். ஹால் டிக்கெட்டை அவர் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் பிள்ளைகள் தேர்வறைக்குப் போவார்கள். கோயில் பக்கமே போகாத பையன்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவான். பட்டமளிப்பு விழா அன்றைக்கு, வாடகைக்கு வாங்கிய கறுப்பு அங்கியைப் போட்ட பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு குடும்பமும் துரை முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும். அந்த போட்டோ இல்லாவிட்டால் டிகிரி வாங்கினதாகவே வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நான் வரலாறு நடத்துகிறவள். இதையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, சாயங்காலம் மந்தைவெளிக்கு பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன்.

பேச்சை ஆரம்பித்தது இறுதியாண்டு மாணவி ஒருத்தி. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அவள் பள்ளியில் படிக்கும்போது வீடுகளை இடித்து, எல்லாரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு மயிலாப்பூரில் வீட்டு வேலை. விடியற்காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் கிளம்புவார்கள். ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுத்துக்கொள்ளப்போகிறாய் என்று கேட்டேன்.

"பஞ்சம் மேடம். எங்க ஆளுங்க பஞ்சத்துல நடந்தே மெட்ராஸுக்கு வந்தவங்கனு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். நெசமா பொய்யான்னு பாக்கணும்."

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய அரசாங்க அறிக்கைகளைத் தும்மித் தும்மிப் படித்தாள். ஒரு நாள் மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஜெராக்ஸ் காகிதங்களோடு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"மேடம், இது நம்ம தொரைதானே?"

வாங்கிப் பார்த்தேன். அவரேதான். பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்தவர்களுக்குக் கூலியாகத் தானியம் கொடுத்துவந்திருக்கிறார்கள். அளவு அதிகம், இப்படிக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று மேலிடத்துக்கு எழுதி, அனுமதி வாங்கி, குறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த முகாமில் ஜனங்கள் செத்துப்போன விவரம் அடுத்த பக்கத்தில் இருந்தது. கோபமோ வருத்தமோ எதுவும் இல்லாத ஆங்கிலம்.

"அவருக்குக் கீழ இன்னா எழுதி வச்சிக்கீறாங்கனு பாத்தீங்களா மேடம்?" என்றாள்.

அதைப் பார்க்காதவர் யார்? பீடத்தில் ஒரு பளிங்குப் பலகை. அதில் பொன்னிற எழுத்தில் 'ஏழைகளின் தந்தை'.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பட்டம் வெள்ளைக்காரன் போட்டது இல்லை. சிலையை நிறுத்தியவர்கள் ஷூவுக்கு அடியில் அவர் பெயரையும் பதவியையும் ஆங்கிலத்தில் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சுதந்திரம் எல்லாம் வாங்கி வெகுகாலம் கழித்து, கல்லூரியின் ஏதோ ஆண்டு விழாவில், பழைய மாணவர்கள் சேர்ந்து தமிழில் இந்தப் பலகையைப் பதித்தார்கள். நம் ஊரில் பட்டம் இல்லாமல் ஒருவர் சிலையாக நிற்பது அழகில்லை அல்லவா? வட்டச் செயலாளருக்கே அடைமொழி நான்கு வரி போகும். இவ்வளவு பெரிய துரை மொட்டையாக நின்றால் நன்றாகவா இருக்கும் என்று யாருக்கோ மனசு கேட்கவில்லை. ஏழை என்பது மேடையில் யாருக்கும் உதவுகிற வார்த்தை, அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

அவளும் சில தோழிகளும் சேர்ந்து சிலையை அகற்றவேண்டும் என்று கல்லூரி முதல்வரிடம் மனு கொடுத்தார்கள். அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு யாரோ அதை மொபைலில் சுற்றில் விட, முதல்வர் அவசரமாக ஒரு குழு அமைத்தார். குழு என்றால் மூன்று பேர். முதல்வர், வரலாற்று ஆசிரியை என்பதால் நான், பழைய மாணவர் சங்கத் தலைவர். சங்கத் தலைவருக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பத்து வார்த்தை பேசினால் அதில் இரண்டு 'பாத்துக்கிடுங்க' இருக்கும். எங்கள் புதுக் கட்டடத்தின் மேல்மாடி அவர் புண்ணியத்தில்தான் எழும்பிக்கொண்டிருந்தது.

நான் என் கருத்தைச் சொன்னேன். உடைக்கவேண்டாம். ஒரு ஓரமாக நூலகத்துக்குக் கொண்டுபோவோம், இடம் கொடுத்ததையும் எழுதுவோம், தானியத்தைக் குறைத்ததையும் எழுதுவோம். வாசலில் நிறுத்தி வைப்பது மரியாதை. மரியாதை வேறு, வரலாறு வேறு.

முதல்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், இந்த ஊர்ல ஒரு சிலையைத் தொட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? இன்னிக்கு இவரை எடுத்தா, நாளைக்கு ரோட்டுல நிக்கிற இன்னொருத்தரை எடுன்னு ஒரு கூட்டம் வரும். நம்ம பேரைச் சொல்லிக்கிட்டு வரும்."

அவர் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் தலைவர்கள் பலர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். வழிப்போக்கன் எறிகிற கல்லும் செருப்பும் படாமல் இருக்க நாமே கட்டிய கூண்டுகள். மெட்ரோ வேலைக்காக ஒரு சிலையை நாலு அடி நகர்த்துவதற்கே போலீஸ் வேன் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

ஜவுளிக்கடைக்காரர் கடைசியாகப் பேசினார். "டீச்சர், நான் ஒரு தகரப் பெட்டியோட எழும்பூர்ல வந்து எறங்குனவன், பாத்துக்கிடுங்க. இங்கிலீஷ் ஒரு வார்த்தை பேச வராது. இந்த காலேஜ்தான் சேத்துக்கிட்டுது. முத நாள் யாரைக் கும்பிடணும்னு தெரியாம இவரைத்தான் கும்பிட்டேன். இவரு இடம் குடுக்கலேன்னா நான் இன்னிக்கும் யார் கடையிலயோ துணி மடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பேன். அவரைப் போயி எடுக்கச் சொல்லுதீங்களே." கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை.

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். வந்து நின்றாள், நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"சிலைய எடுக்க பயமா இருந்தா வுடுங்க சார். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க. டிகிரி வாங்கற அன்னிக்கு எங்கம்மா வரும். எல்லாரும் தொரை முன்னால போட்டோ எடுப்பாங்க, அதுவும் எடுக்கணும்னு ஆசைப்படும். ஏழைங்களோட தந்தைனு போட்டிருக்கறதுக்கு முன்னால எங்கம்மா நிக்கக்கூடாது சார். அவ்ளோதான்."

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினார் முதல்வர். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தேர்தல் வந்துவிட்டது.

தேர்தல் அறிவித்தால் நம் ஊரில் தலைவர்கள் சிலைகளை எல்லாம் துணி போட்டு மூடிவிடுவார்கள். ரோட்டுச் சிலைகளை முடித்துவிட்டு, எங்கள் கல்லூரி வாக்குச்சாவடி என்பதால் தேர்தல் ஆட்கள் உள்ளேயும் வந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் துரையை அண்ணாந்து பார்த்து, "இவர் எந்தக் கட்சி?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"கட்சியெல்லாம் இல்ல சார். வெள்ளைக்காரரு."

"வெள்ளைக்காரரா? ஏழைகளின் தந்தைன்னு போட்டிருக்கே. ஓட்டுக் கேக்குற மாதிரியே இருக்கே. எதுக்கு வம்பு, மூடிடுங்கப்பா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை, சிரிப்பை அடக்கவே சரியாக இருந்தது. தலையிலிருந்து ஷூ வரை வெள்ளைக் காடாத் துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். பலகையின் மேல் பசை தடவிக் காகிதம் ஒட்டினார்கள். பஞ்சத்தைக் கிளறி, மனு கொடுத்து, குழு போட்டு நடக்காதது, அந்தப் பட்டத்தாலேயே பத்து நிமிஷத்தில் நடந்துவிட்டது.

தேர்தல் முடிந்து ரோட்டுத் தலைவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். துரையை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும்படி உத்தரவும் இல்லை, வேண்டாம் என்று உத்தரவும் இல்லை. பலகையில் ஒட்டிய காகிதம் மட்டும் முதல் மழையில் ஊறி உரிந்து விழுந்துவிட்டது.

மறுபடி குழு கூடியபோது முதல்வர் முகம் தெளிந்திருந்தது. "இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே மேடம். எடுக்கச் சொன்னவங்களுக்கு எடுத்த மாதிரி. வேண்டாம்னவங்களுக்கு இருக்கிற மாதிரி."

"அப்போ அந்தப் பலகை?" என்றேன்.

ஜவுளிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொரையை மூடிக்கிடுங்க. எடுத்துட்டுக்கூடப் போங்க, நான் தடுக்கலை. பட்டத்துல மட்டும் கை வைக்கப்படாது டீச்சர். அது நாங்க வச்சது. வார்த்தையைத் தேடி எடுத்துக் குடுத்ததே நான்தான், பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த அறிக்கையின் ஜெராக்ஸை அவர் முன்னால் எடுத்துப் போட்டேன். அவர் படித்தார். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "தெரியாம வச்சது டீச்சர். ஆனா நல்ல மனசோட வச்சது" என்றார். பலகையை எடுத்தால் அந்த நல்ல மனசும் பொய்யாகிவிடும் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். துணியை எத்தனை நாளைக்குக் கட்டி வைக்கப்போகிறீர்கள் என்று முதல்வரைப் பார்த்துக் கத்தினேன். "கிழியற வரைக்கும்" என்றார் அவர். தீர்மானத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை.

அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்கு உள்ளே யார் என்றே தெரியாது. முகம் இல்லை, ஆங்கிலப் பெயரும் துணிக்குப் பின்னால் போய்விட்டது. கண்ணில் படுவது ஏழைகளின் தந்தை மட்டும்தான். "எப்ப மேடம் திறப்பு விழா?" என்று ஒரு பெண் என்னிடமே கேட்டாள். யாரோ நல்லவர் என்று நினைத்து, துணிமேலேயே விபூதியைத் தடவிவிட்டுப் பரீட்சைக்குப் போனார்கள்.

பட்டமளிப்பு நாள் வந்தது. என் மாணவி அங்கியோடு வந்திருந்தாள். அம்மா, வேலை செய்யும் வீடு ஒன்றில் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு வந்திருந்தார். விழா முடிந்ததும் மகள் அவரை அவசர அவசரமாக வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா வருவதாக இல்லை.

"எல்லாரும் அங்க எடுத்துக்கினு கீறாங்க. நம்ம மட்டும் மரத்தாண்ட இன்னாத்துக்கு? பக்கத்து வூட்டுப் பொண்ணு போட்டோவுல அந்த சிலை கீதே."

"வேணாம்மா. சொன்னா கேளு."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

மகள் மறுபடியும் மரத்தடிக்கே இழுத்தாள். அம்மா அவள் கையை உதறிவிட்டுத் துரையை நோக்கி நடந்தார். போட்டோகாரர் ஒரு குடும்பத்தை முடித்து அடுத்ததைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பலகைக்கு முன்னால் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏழை...களின்... தந்தை. யாருடி இவுரு? மூஞ்ச ஏன் மூடிக்கீது?"

மகள் அப்போதுதான் சொன்னாள். அறிக்கையில் படித்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையில்லாமல் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம ஆளுங்க கஞ்சில கை வச்சவனா?" என்றார் அம்மா. என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மகள் அங்கியைக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பலகையின் மேல் போட்டு மறைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்கிய கயட்டாத. அத்த பாக்கத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்."

பீடத்தைச் சுற்றி ஒரு படி உண்டு. அம்மா புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்தார். பின்னால் நகர்ந்து, பலகை முழுவதும் மறையும்படி முதுகை அதன்மேல் சாய்த்து, தோளை அகட்டிக்கொண்டார். கனகாம்பரம் கல்லில் நசுங்கியது.

"இப்ப தெரியுதா மேடம் எய்துனது?"

"தெரியலைம்மா" என்றேன்.

போட்டோகாரர் கேமராவை இறக்கினார். "அம்மா, எழுந்து பொண்ணு பக்கத்துல நில்லுங்க. படியில குந்தினா நல்லா வராது."

"நா நவுர மாட்டேன். நீ எடு நைனா. ஏய், வந்து நில்லுடி, சிரி."

அவள் அங்கியைச் சரிசெய்துகொண்டு அம்மாவின் தோள்மேல் கைவைத்து நின்றாள். சிரிக்க முடியவில்லை. கேமராவைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்து, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள்.

"இதுக்குத்தான் மேடம் அந்த வரிய நான் எடுக்கச் சொன்னேன்."