வயல் நடுவில் நின்ற கல்

நடவுக்கு முதல் நாள் சேற்றைப் பரம்படித்துச் சமமாக்கி, தண்ணீர் கட்டிவிட்டு வந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், வயல் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. தலையில் சிவப்புச் சாயம். சுற்றிலும் சேறு பரம்படித்தபடியே வழவழவென்று கிடந்தது. ஒரு காலடிகூட இல்லை.

நடவுக்கு வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். “அம்மன்தான் எழுந்திருக்கா அக்கா” என்று ஒருத்தி மஞ்சள் கரைத்துப் பூசினாள். நானும் கும்பிட்டேன். நாற்றை யாரும் தொடவில்லை.

மத்தியானம் வந்த கிராம அதிகாரி சிரித்துவிட்டார். “சாமியா? அடியில கேஸ் இருக்குன்னு டெல்லிக்காரங்க நட்ட கல்லும்மா. அதை எடுக்கக் கிணறு போடப் போறாங்க.”

“என் நிலத்துல, என்னைக் கேக்காமயா?”

“உங்களை என்ன, மெட்ராஸ் கவர்மெண்டையே கேக்கலையாம். நாங்களே பேப்பர்லதான் பாத்தோம்.”

மிராசுதாரிடம் கூலிக்கு நட்ட மண்ணுக்கே போராடி என் பேரில் பட்டா வாங்கியவள் நான்.

மஞ்சள் பூசிய கல்லைப் பிடுங்கப் பெண்கள் பயந்தார்கள். நானே இறங்கி, அசைத்து அசைத்துப் பிடுங்கி வரப்பில் போட்டேன். குழியிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது, அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல. காலால் சேற்றைத் தள்ளி மூடி, அதன்மேல் முதல் நாற்றை ஊன்றினேன்.

“இறங்குங்கடி, நாத்து முத்திப்போவும்” என்றேன்.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். நட்டு முடிக்கும்வரை ஒருத்தியும் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டவில்லை.