களவெட்டியில் வாய்விட்டு எண்ணியவர்

செய்தி வந்தபோது நான் பனிச்சங்கேணியில் நெல்லடிக்கும் ஒரு களவெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன். சூடு அடித்து, தூற்றி, நெல்லைக் குவித்தாயிற்று. தராசைத் தொங்கவிட வேண்டியதுதான் மிச்சம். தொலைபேசி அடித்தது. குணரெத்தினத்தின் மனைவி சாந்தி. அண்ணன் முறைவைத்து என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க நிக்கிறீங்க நானா?"

"யோகம்மாட களவெட்டிக்குள்ள."

"அப்ப இப்ப ஒண்டும் சொல்லல்ல. வெளியால போய் நிண்டு எடுங்க," என்று வைத்துவிட்டார்.

சாந்தி வயல்காரர் வீட்டுப் பெண். நெல் குவிந்து கிடக்கும் இடத்துக்குள் மரணச் செய்தியை அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. நான் வரம்பைத் தாண்டிக் உப்புநீர்க் களப்பின் கரைக்கு நடந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தண்ணீர் அசையவேயில்லை. அழைப்பை எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் அழுதுகொண்டே சொன்னதைக் கடைசிவரை கேட்டேன்.

விவசாய பீடத்தில் நுண்ணுயிரியல் கற்பித்த கலாநிதி குணரெத்தினத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அவரிடம் படித்திருப்பீர்கள், அல்லது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டும் நடந்திருக்கும். அவரை 'அவர்' என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடமும் எங்களுக்குள் 'மச்சான்' தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அவர் பழுகாமத்து விவசாயியின் மகன். நான் காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தராசு சொல்வதை மட்டும் நம்பி வளர்ந்து, பிறகு வேதியியல் படித்தவன். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் பீடத்தில் இல்லை.

பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளின் தலைவிதி உங்களுக்குத் தெரியும். மூலிகைக் களிம்பு, மீன் கழிவில் செய்த உரம், நுளம்பு விரட்டும் எண்ணெய் எல்லாம் விழா மேடையில் கைதட்டு வாங்கும். மறுநாள் அலுமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குணரெத்தினத்துக்கு அந்த அலுமாரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "கண்டுபிடிச்சது பெரிசில்ல மச்சான். அது ஒருத்தர்ட கோப்பைக்குள்ள சோறா விழோணும்," என்பார். அவர் கண்டுபிடித்தது உவர் நிலத்துக்கான ஒரு விதைப் பூச்சு. கண்டல் மரங்களின் வேரடிச் சேற்றில் உப்புக்குள்ளேயே வாழும் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தார். அவற்றை உமிக்கரித் தூளில் உலராமல் வைத்திருக்கும் வழியை நான் செய்துகொடுத்தேன். அந்தத் தூளில் புரட்டி விதைத்தால் உப்பு மண்ணிலும் நெல் முளைக்க வேண்டும். ஆய்வுகூடத் தட்டுகளில் முளைத்தது. வயலில் முளைக்குமா என்பதுதான் கேள்வி.

வயல் தந்தவர் யோகம்மா. சுனாமியில் கடல் வந்த வருடம் அவருடைய வட்டை முழுவதும் உப்பேறியது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல் வெளி. அதன்பின் அங்கே பாத்திகளில் வெள்ளை பூத்ததே தவிர வேறொன்றும் பூக்கவில்லை. பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாக இறால் பண்ணையாகிவிட்டன. பண்ணைக்காரர் யோகம்மாவிடமும் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு போகம் பாப்பன் சேர். விளைஞ்சா இரிப்பன். இல்லாட்டி அவனுக்கே குடுத்துட்டு மகள்ற வீட்ட போயிருவன்," என்று எங்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகக் குழுவும் அதையேதான் கேட்டது. இரண்டு போக விளைச்சலை வயலிலேயே நிறுத்துக் காட்ட வேண்டும். குறைந்தால் பூச்சு அலுமாரிக்குப் போகும். ஆக, அந்த அம்மாவின் நிலமும் எங்கள் தூளும் ஒரே தராசில் தொங்கின.

சேறு எடுக்கப் போன நாளை முதலில் சொல்ல வேண்டும். யோகம்மாவின் வயலுக்குப் பின்னால்தான் கண்டல் காடு. அவர் வரம்போடு நின்றுவிட்டார். வரச்சொல்லி நான் கையசைத்தேன்.

"நான் வரமாட்டன். அந்தச் சேத்துக்குள்ளதான் எங்கட மனிசன் கிடக்காரு. கடல் வந்த அண்டைக்கு இதாலதான் இழுத்துத்துப் போனது. தேடித் தேடியும் கிடைக்கல்ல."

கணவரைத்தான் சொன்னார். குணரெத்தினம் மண்வெட்டியை ஓங்கியபடியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அள்ளினார். அள்ளும் முன் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று கேட்டதற்கு, "அனுமதி கேட்டனான்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு யோகம்மா எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். குடுவைகள் இயந்திரத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே கலங்கிய பழுப்பு நிறத் திரவம். ஒன்றைத் திறந்ததும் அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. அழுகலும் உப்பும் கலந்த மணம். யோகம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை. மாறாக அருகே போய் முகர்ந்தார்.

"இதுக்குள்ள உசிரு இரிக்கா சேர்?"

"ஓம் அக்கா. நிறைய இரிக்கி."

"ஆர்ர உசிரு?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் குணரெத்தினம். அன்று அவர் குடுவையை மூடி, இயந்திரத்தில் வைத்து, அது மறுபடி ஆடத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரி மழையோடு விதைத்தோம். முளைத்தது. சுற்றிவர எல்லாம் வெள்ளைப் பொருக்கு, நடுவில் ஒரு துண்டு மட்டும் கடும் பச்சை. பார்க்க வந்தவர்கள் வரம்பிலேயே நின்று பார்த்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. கதிர் முற்றிய காலத்திலும் அந்தத் துண்டில் ஒரு குருவி இறங்கி நான் காணவில்லை. நெல் விளைந்தால் குருவி வரும், அதை விரட்ட ஆள் வைக்க வேண்டும். யோகம்மா ஆள் வைக்கவேயில்லை. "நல்லதுதானே, செலவு மிச்சம்," என்று நான் பகிடி விட்டேன். குணரெத்தினம் வானத்தைப் பார்த்தார்.

இனிச் சொல்லப்போவது அந்த முதல் அறுவடையைப் பற்றி. எங்கள் பகுதிக் களவெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. நெல்லைக் கவர பூதங்கள் சுற்றி நிற்கும் என்பார்கள். அதனால் அங்கே வெளியுலகப் பேச்சு ஆகாது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். நெல் அள்ளும் கடகத்துக்குப் பெயர் பெருவாயன். தீர்ந்தது, முடிந்தது என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குவியலை வாய்விட்டு எண்ணக்கூடாது. எண்ணினால் பூதத்துக்கு அளவு தெரிந்துவிடும். இதையெல்லாம் வழியில் வாகனம் ஓட்டிக்கொண்டே குணரெத்தினம்தான் எனக்குச் சொல்லித் தந்தார். அவருடைய தகப்பனார் இருந்த காலத்தில் களவெட்டியில் ஒரு பிழை பேசியதற்காகச் சின்னப் பிள்ளையான குணரெத்தினத்தை வெளியே தூக்கிப் போட்டார்களாம். "நீ சும்மா வாயப் பொத்திக்கொண்டு நில்லு," என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

ஆனால் தராசு முள் ஏறியதும் பழுகாமத்துப் பிள்ளை எங்கே போனாரோ தெரியாது. ஆய்வாளர் மட்டும் மிஞ்சினார். சந்தோசத்தில் துள்ளி, மொத்த எடையை உரத்த குரலில் வாசித்தார். யோகம்மாவின் கையிலிருந்த சுளகு விழுந்தது.

"என்ன சேர் செய்தீங்க? நீங்க அறிஞ்ச மனிசன்!"

குணரெத்தினத்தின் முகம் செத்துப்போனது. குழுவின் விதிப்படி மறுபடி நிறுத்துப் பார்த்தோம். குறைந்தது. சாக்கில் ஓட்டையா என்று தடவினோம். இல்லை. திரும்பவும் தூக்கினோம். இன்னும் குறைந்தது. கூடவே கொண்டுபோயிருந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுத் தராசைச் சோதித்தேன். தராசில் பிழை இல்லை. காற்று நெல்லை உலர்த்துகிறது என்றேன். ஈரம் பார்க்கும் கருவியும் கையில்தான் இருந்தது. அதன் அளவு மாறவேயில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால், ஒரு பிடி நெல் சிந்தாமல் அந்தக் குவியல் குறைந்துகொண்டிருந்தது.

குணரெத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலின் முன்னால் போய் நின்றார். யாரோ எதிரே நிற்பதுபோல் முகத்தை நிமிர்த்தினார். கோபமாகவோ கெஞ்சலாகவோ பேசவில்லை, கடையில் விலை பேசுகிறவரைப்போலப் பேசினார்.

"வேணுமெண்டா என்னட்ட எடு. அவட பொலியில கை வைக்காத."

பிறகு இன்னொரு தரம் தூக்கினோம். முள்ளை நான் கண்ணால் மட்டும் பார்த்தேன். முதல் எடைக்கே திரும்பியிருந்தது. மீண்டும் தூக்கினோம், நின்றது. அந்த எண்ணை நான் இங்கும் எழுதப்போவதில்லை.

அந்தச் சித்திரைக்குள் அவருடைய காற்சட்டைகள் தளரத் தொடங்கின. முதலில் சாந்தி சந்தோசப்பட்டார், வயிறு இறங்குகிறதே என்று. ஆடியில் கன்னம் ஒட்டியது. கொழும்பில் பார்த்தபோது கணையத்தில் நோய் என்றார்கள். அறுவடைக்கு முன்பே அது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப பூதத்துக்கு முதலே தெரிஞ்சிரிக்கி," என்றார்.

வைத்தியசாலை விடுதியில் தாதி அவரை எடைக் கருவியில் ஏற்றி அளவைச் சத்தமாகச் சொல்லப்போனார். "தங்கச்சி, வாசிக்காதீங்க. எழுதிப்போட்டுப் போங்க," என்று தடுத்தார். தாதி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் முயன்றேன். "பாவம், கணக்குத் தெரிஞ்ச பூதம் மச்சான். ஒரேயடியா எடுக்கல்ல, பாத்துப் பாத்து எடுக்குது," என்றார் ஒருநாள். நான் எழுந்து யன்னல் பக்கம் போய்விட்டேன். அழுகை வந்தது. அவரோ அடுத்த போகத்துக்குத் தூள் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பார்த்தபோது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் போனாலும் நீ போய் நிறுக்கோணும். செய்தி வந்தா அத வெளியால வச்சிட்டு உள்ள போ. அந்த மனிசிட காணி போயிரும் மச்சான்."

அதைத்தான் செய்யப் பார்த்தேன். களப்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். இரண்டாம் போகத்துக் குவியல் காத்திருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் களவெட்டிக்குள் திரும்பி வந்தேன். வாய் திறக்காமல் நிறுத்துப் பார்த்தோம். போன வருடத்தைவிட நல்ல எடை. மறுபடி தூக்கினோம். குறைந்தது. ஒருவரும் எண்ணவில்லை, ஒரு பிழையான சொல் வரவில்லை. ஆனாலும் குறைந்தது.

யோகம்மா தராசைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார்.

"வெளியால என்ன நானா கேட்டுத்து வந்தீங்க?"

நான் குனிந்து சாக்கின் வாயைக் கட்டினேன்.

"சொல்லவும் வேணாம், விளங்கிட்டு," என்று பெருவாயனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார். "இது என்னோட நிக்காது நானா. எங்கட மனிசனும் போய், சேரும் போய், இனி என்னத்துக்கு? நாளைக்கே அவன வரச்சொல்லிக் காணியக் குடுத்திருவன்."

நான் வேதியியல் படித்தவன். எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று அசருக்குப் பிறகு நெடுநேரம் தொழுகை விரிப்பில் இருந்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த வேளையில் வேறெதுவும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றினேன். குவியலின் முன்னால் போய் நின்று, குணரெத்தினம் சொன்னதை அப்படியே சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். எதிரே வெறும் வெளி. நெல்லின் மேற்பரப்பில் நாலைந்து மணிகள் உருண்டு நின்றன.

பிறகு தூக்கியபோது எடை திரும்பி வந்திருந்தது.

குழு இரண்டு நிறுவைகளையும் ஏற்றுக்கொண்டது. யோகம்மா பண்ணைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார், கொஞ்சம் தூசணத்தோடுதான் என்று கேள்வி. வருகிற மாரிக்கு வாகரைப் பக்கத்து உவர் வயல்களுக்கும் தூள் போகிறது. குணரெத்தினம் ஆசைப்பட்டபடி அது அலுமாரிக்குள் தூங்காது. அவரை அறிந்தவர்கள் இதற்காகச் சந்தோசப்படலாம். நானும் படுகிறேன், அழுதுகொண்டே படுகிறேன்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பழுகாமத்து வீட்டில் யோகம்மா கொண்டுவந்த அரிசியில்தான் சமைத்தார்கள். சாந்தி எனக்குப் பரிமாறினார். வெள்ளைச் சோறு, நல்ல சோறு. நான் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஒன்றை வைத்திருப்பார்கள். சிலருக்கு அவருடைய பாடம், சிலருக்கு அவருடைய பகிடி. எனக்கு அவருடைய ஒரு வசனம். அதைச் சொல்ல வேண்டிய களவெட்டிகள் இனிமேல் நிறைய வரும், அங்கெல்லாம் நிற்கப்போவது நான்தான்.

சாந்தி கறிச் சட்டியோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நானா," என்றார், "நீங்க நல்லா மெலிஞ்சிட்டீங்க."