கூரை மேல் வெள்ளைக் கையுறை

ஒரு காலைப் பின் சக்கரத்தின் மேலும் மறு காலைக் கதவு விளிம்பிலும் ஊன்றிக்கொண்டு, தொமோயே வேனின் கூரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கையில் வெள்ளைக் கையுறை. ஹகோடாதேயில் முப்பத்தோரு வருடம் சுற்றுலாப் பேருந்து வழிகாட்டியாக இருந்தபோது போட்ட அதே ரகம். சோலார் பேனலின் மீது ஒருமுறை இழுத்து விரல் நுனியைப் பார்க்கிறாள். சாம்பல் கோடு. மறுபடி இழுக்கிறாள். விரல் வெள்ளையாக வரும் வரை இறங்க மாட்டாள்.

"மூணு நாளா மழை கழுவியிருக்குமே, விடேன்" என்கிறார் உள்ளே இருந்து கணவர் ஷுன்சாகு.

"மழை எங்கங்க கழுவுது? எச்சில் துப்பிட்டுப் போகுது."

சின்ன வண்டிகளுக்குத் தரும் மஞ்சள் எண்பலகை வைத்த குட்டி வேன் அது. உள்ளே இரண்டு மெத்தை விரித்தால் செருப்பு வைக்க இடமில்லை. மெத்தைக்கு அடியில் பேட்டரி, காலருகே சின்ன ஃபிரிட்ஜ், தலைமாட்டில் ஷுன்சாகுவின் மூச்சு மெஷின். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். முகமூடி வழியாக அந்த மெஷின் இரவெல்லாம் காற்றை உள்ளே தள்ள வேண்டும். சப்போரோவில் நர்ஸாக இருக்கும் மகள் சிஹோ இந்தப் பயணத்துக்கு ஒரே நிபந்தனையோடுதான் சம்மதித்தாள்: மெஷின் பாதி ராத்திரி நின்றாலும் சரி, மறுநாள் வண்டி வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அதனால் தொமோயே மின்சாரம் படித்தாள். ஐம்பத்தொன்பது வயதில், தப்புத் தப்பாக. அந்தத் தப்புகளை ஒளிப்பதும் இல்லை. வண்டி நிற்கும் இடங்களில் புதிதாகப் பேனல் வாங்கியவர்களைப் பார்த்தால் தானே போய்ச் சொல்வாள். பேனலைச் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியது முதல் தப்பு. பெட்டியின் நிழல் ஒரு கை அகலம்தான் விழுந்தது, பேனல் மொத்தமும் படுத்துவிட்டது. "பத்துப் பேர் கைகோத்து நடக்கறப்ப ஒருத்தன் உக்காந்துட்டா அவ்வளவுதான், வரிசையே நிக்கும்" என்பாள். பெட்டியை முன்னால் தள்ளிப் பேனலைக் கூரையின் பின்பாதிக்குக் கொண்டுபோனாள். அடுத்த தப்பு, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி மெஷினுக்குக் கொடுத்தது. "வாளித் தண்ணியச் சல்லடையில ஊத்திச் சல்லடையில குடிச்ச மாதிரி." இப்போது பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயர். ஈரக் காற்று தரும் பகுதியையும் நிறுத்திவிட்டாள். மூக்கு காய்கிறது என்று ஷுன்சாகு முனகினால், "காயட்டும். மூச்சு இருந்தாத்தானே மூக்கு" என்று பதில் வரும்.

கணக்கு எளிது. பேட்டரி நிறைந்தால் நூறு. மெஷின் ஓர் இரவுக்கு அதில் இருபது தின்னும். நல்ல வெயில் ஒரு நாளைக்கு முப்பது தரும். பேட்டரியின் சின்னத் திரையில் காட்டும் எண்ணைக் காலையில் முகம் கழுவுமுன் பார்த்துவிடுவாள்.

அவர்கள் போவது வடகோடி முனைக்கு. ஒவ்வொரு கோடையிலும் பேருந்து பேருந்தாக ஆட்களை அழைத்துப் போய், விரல்களைச் சேர்த்து, வெள்ளைக் கையை நீட்டி, "அதோ பாருங்கள்" என்று அந்தக் கடலை முந்நூறு தடவையாவது காட்டியிருக்கிறாள். கோடையில்தான் கப்பலில் கூட்டம். ஷுன்சாகுவுக்கு ஒரு தடவைகூட லீவு கிடைத்ததில்லை. "ஊர்ல எல்லாருக்கும் காட்டியாச்சு. பாக்கி இவர் ஒருத்தர்தான்."

ஓகோட்ஸ்க் கடலோரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்ததால் வடக்குச் சாலையை அடைத்தார்கள். சாலையோர நிலையத்தின் வண்டித் திடலில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். முன்னோரை வழிபடும் ஓபோன் விடுமுறை, மின்சாரம் கொடுக்கும் முகாம்கள் எதிலும் இடமில்லை. தொமோயே முதல் நாளே ஃபிரிட்ஜை அணைத்தாள். ஷுன்சாகுவின் பீர் கஞ்சி மாதிரி வெதுவெதுத்தது. எழுபதாக இருந்த எண் ஐம்பத்திரண்டு, முப்பத்தைந்து, நான்காம் நாள் காலை பதினெட்டு.

பக்கத்தில் ஒசாகாவிலிருந்து வந்த உகாயின் பெரிய வண்டி. கூரையில் நாலு பேனல்.

"அக்கா, உங்க கூரையில இருக்கறது பேனலா, காயவெச்ச கடற்பாசி நோரியா? சோத்தச் சுத்தித் தின்னுடலாம் போலிருக்கே!"

"நாலு நோரி வெச்சும் நீங்க பட்டினிதானே அண்ணே!"

உகாய் சிரித்துவிட்டார். மழை முழுக்க டிவி பார்த்தே தன் பேட்டரியைத் தீர்த்தவர் அவர். குரலைத் தாழ்த்தி, பானம் விற்கும் இயந்திரத்தின் பின்னால் ஒரு பிளக் இருப்பதைச் சொன்னார். "மூணு மணி நேரம் சொருகுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"பேட்டரிக்குத் தெரியும்" என்றாள் தொமோயே.

சிஹோவின் போன் வந்தது. "அம்மா, நேத்து ராத்திரி மெஷின் ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"இன்னிக்கு ஓடுமா?"

"இன்னிக்கு ராத்திரி இன்னும் வரலையே."

அன்று வெயில் வந்தது. மறுநாள் காலை சாலை திறக்கும் என்று பலகையில் எழுதினார்கள். ஓர் இரவு தாண்டினால் போதும். அதற்குத்தான் அந்தத் துடைப்பு. இறங்கி வந்து திரையைப் பார்த்தாள். பதினெட்டு. அரை மணி கழித்தும் பதினெட்டு.

நிமிர்ந்தாள். திடலின் விளிம்பில் வரிசையாக மரங்கள். அவற்றின் நிழல் பேனலைக் குளிர்ச்சியாகப் போர்த்தியிருந்தது. பிற்பகல் வரை விலகாது. கோடு வரை வண்டியை முன்னால் எடுத்தும் நிழல் விடவில்லை. காலி இடம் வேறில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பது வண்டிகளும் பின்பக்கமாக நுழைந்து முகத்தை வெளியே காட்டி நின்றன. அதுதான் முறை. அவளுடைய வேனும் அப்படித்தான், பேனல் உள்ள முதுகை மரத்துக்குக் கொடுத்துவிட்டு நின்றது. விசில் ஊதி ஊதி ஆயிரம் பேருந்துகளைப் பின்னால் இழுத்து நிறுத்தியவள், வேறு விதமாக நிறுத்தலாம் என்று நினைத்ததே இல்லை.

வெளியே இவ்வளவு வெயில், நாற்பது வண்டிக்கு நடுவில் தான் மட்டும் முதுகைக் காட்டுவதா? கன்னம் சிவந்துபோய் நின்றாள்.

"பேசாம வீட்டுக்குப் போயிடலாம், தொமோயே" என்றார் ஷுன்சாகு மெதுவாக. "அங்க என்ன, கல்லும் கடலும்தானே?"

"கல்லும் கடலும்தான். ஆனா அத நான் காட்டுனப்புறம் நீங்க சொல்லணும்."

இடப்பக்க வண்டிக்காரர்களிடம் போய்க் குனிந்து வணங்கினாள். உகாயிடமும் குனிந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் முதுகைக் காட்டப்போறோம். மன்னிச்சுக்குங்க."

"காட்டுங்கக்கா. நாங்க கண்ண மூடிக்கறோம்."

ஷுன்சாகு வேனை வெளியே எடுத்துச் சுற்றி வந்தார். தொமோயே மரத்தடியில் நின்று பழைய விசிலை வாயில் வைத்தாள். இத்தனை வருடம் வண்டிகளின் முதுகைப் பார்த்தே ஊதியவள். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம், மூன்று நாள் தாடியுடன், தன்னையே பார்த்தபடி வந்தது. முதல் விசில் காற்றாகப் போனது. அடுத்தது சரியாக விழுந்தது. பிப்-பிப். பிப்-பிப். கடைசியில் ஒரு நீள விசில்.

பேனல் முழுக்க வெயிலில் கிடந்தது. அவள் உள்ளே தலையை விட்டுத் திரையைப் பார்த்தாள். பத்து நிமிடம் அவள் அசையவில்லை. பதினெட்டு பத்தொன்பதானது.

"எவ்வளவு?" என்றார் ஷுன்சாகு இறங்கி நின்று.

 தொமோயே கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, விரல்களைச் சேர்த்து, வலக்கையை வடக்கே நீட்டினாள். அந்தப் பக்கம் தடுப்புக் கம்பும் ஈரத் தார்ச்சாலையும்தான் இருந்தன. ஷுன்சாகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவள் காட்டிய பக்கம் பார்த்தார்.