பவளமக்கா வந்த படம்

பேத்தி விறாந்தையில் இருந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு யாழ்ப்பாணப் பட்டணத்துத் தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. அறுந்த படச்சுருளை ஒட்டும் பசைக்கும் கிட்டத்தட்ட இதே மணம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் அங்கே படம் ஓட்டினேன். மகனுக்குப் பெரிய உத்தியோகம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பாதி நேரம் ஒட்டுகிற வேலைதான். அதையும் கோணலாகத்தான் ஒட்டுவேன்.

ஒட்டு என்றதும் பவளமக்கா நினைவில் வந்துவிடுகிறார். பட்டணத்துக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையில் ஆணாய்ப் பிறந்தவர். நாடகத்தில் பெண் வேடம் கட்டி, பிறகு எந்நாளும் சேலையோடே இருந்துவிட்டார். மேடையில் அவர் ஒப்பாரி வைத்தால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். இடுப்பைத் தொடும் சொந்தக் கூந்தல், நம்புங்கள். கொட்டகையிலும் பெண்கள் பக்கத்து வாங்குப் பலகையில்தான் இருப்பார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பேசும்படக்காரர் கூப்பிட்டார்கள் என்று ஒருமுறை கப்பலேறிச் சென்னைக்குப் போனார். திரும்பியபோது தலை ஒட்ட வெட்டியிருந்தது.

"கோயிலுக்கு நேர்த்தி" என்றார். "படத்திலை நான் கதாநாயகியின்ரை தோழி."

நாங்கள் நம்பினோம்.

படம் எங்களிடம் வந்த முதல் நாள் கொழும்புத்துறையே திரண்டு வந்திருந்தது. தோழி கண்ணாடி முன் நின்று தலையில் பூ வைக்கிறாள். படத்தில் சிரிப்பு மூட்டும் பகிடிக்காரன் பின்னால் வந்து கூந்தலைப் பிடித்து இழுக்கிறான். டோப்பா கையோடு வருகிறது. உள்ளே ஒட்ட வெட்டிய தலை. இதற்காகத்தான் வெட்டியிருக்கிறார்கள். தகரம் அதிரச் சிரித்தார்கள். மேடையில் அவருக்காக அழுத அதே பெண்களும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த சுருளை மாட்டினேன்.

சனம் கலைந்தபின் அக்கா மெஷின் அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தத் துண்டை வெட்டிப்போட்டு ஒட்டிவிடுறன். ஒருத்தருக்கும் விளங்காது" என்றேன்.

"அது போனா நான் படத்திலை வேறை எங்கை வாறன்?"

"வேறை இடமில்லை, அக்கா."

"அப்ப வெட்டாதை தம்பி. அவன் இழுக்குமட்டும் நான் பொம்பிளையாத்தானே நிக்கிறன்."

படம் ஓடிய நாளெல்லாம் வந்தார். பெண்கள் வாங்கில் இருக்கவில்லை, கதவோரம் நின்றார். பூ வைப்பதைப் பார்த்துவிட்டு, சிரிப்பு எழுமுன் வெளியே போய்விடுவார்.

அக்கா செத்துக் கனகாலம். கொட்டகை இருந்த இடத்தில் சீமெந்துக் கடை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இப்போது எங்கும் இல்லையாம். பகிடிக்காரன் அழிந்ததில் எனக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி முன் அவர் பெண்ணாக நின்ற அந்தக் கொஞ்ச நேரமும் அதோடு போய்விட்டது.