மூடி தெறித்த சத்தம்

தீபாவளி சீசன் முடிந்து மனைவியோடு பெங்களூரு சுற்றுலா போனபோது, ஒரு ஒயின் ஆலைக்கும் கூட்டிப் போனார்கள். சுற்றிக் காட்டிய தமிழ்ப் பெண், ருசி பார்க்க ஒரு பாட்டிலைத் திறந்தாள். மூடி டப்பென்று தெறித்தது. எல்லோரும் கைதட்டினோம்.

நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி மட்டும், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கூட்டம் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தது.

“என்னை ஏன்க்கா இழுத்தீங்க?” அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

“பக்கத்துல நீதான நின்ன? ஒன்னைய விட்டுட்டு ஓடவா முடியும், தாயி?”

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. அடுத்த பாட்டிலை முற்றத்துக்கே எடுத்து வந்து, “அக்கா, இப்ப சத்தம் வரும்” என்று சொல்லிவிட்டுத் திறந்தாள்.

இந்த முறை எனக்குக் கைதட்ட வரவில்லை. தினமும் மனைவியை கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவன் நான். அங்கே நாள் முழுக்க எப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது அன்றுதான் உறைத்தது.